நாலு ஆயுத பூஜை, ஒரு ரோபோ கை

நான் காலேஜ்ல ரோபோடிக்ஸும் ஏஐயும் சேர்ந்த படிப்புக்குப் போனப்போ, அங்க கண்ணாடி ரூம்ல மஞ்சள் கலர்ல ஒரு ரோபோ கை நின்னுக்கினு இருந்துச்சு. அட்மிஷனுக்கு வர்றவங்களை முதல்ல அங்கதான் கூட்டினு போவாங்க. அதைப் பாத்துதான் எங்கப்பா சரின்னாரு. சுங்குவார்சத்திரத்துலேர்ந்து ஒரகடத்துக்கு ஆள் ஏத்தற கம்பெனி பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். "எம் பொண்ணு ரோபோ படிக்குது, தெரியுமில்ல?"ன்னு ஷிஃப்டுக்குப் போற பசங்க உயிரை வாங்கிட்டாரு.

அந்த ரூமுக்குப் பூட்டு. சாவி எங்க துறைத் தலைவர், எச்ஓடி கிட்ட. "தொட்டா சென்சார் போயிடும், தள்ளி நின்னு பாரும்மா"ம்பாரு. ரெண்டாவது வருஷமாவது தொடலாம்னு பாத்தா, அப்பவும் அதே பல்லவி. லேப் ரெக்கார்டு மட்டும் டாண்ணு முடிக்கணும். சீனியர் அக்கா நோட்டை வாங்கி, "ரோபோ கை பெட்டியைத் தூக்கி வைத்தது, முடிவு சரிபார்க்கப்பட்டது"ன்னு நானும் காப்பி அடிச்சு கையெழுத்து வாங்கினேன். எந்தக் கை, எந்தப் பெட்டி? வெக்கமா இல்லியான்னா, இருந்துச்சு. ஆனாலும் எழுதினேன்.

வருஷத்துல ஒரே ஒரு நாள் அந்தக் கதவு தொறக்கும். ஆயுத பூஜைக்கு. அன்னிக்கு நாங்க அந்த ரோபோ கையைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போடணும். எங்க வூடு சர்ச்சுக்குப் போற வூடு. எங்கம்மா நெத்தியில பொட்டே வைக்க மாட்டாங்க. நான் என்னடான்னா ஆறு மூட்டுக்கும் ஒண்ணொண்ணா பொட்டு வெச்சுக்கினு இருந்தேன். அன்னிக்காவது தொட விட்டாங்களேன்னு சந்தோஷம் வேற!

நாலாவது ஆயுத பூஜை முடிஞ்ச மறு மாசம், ஒரகடத்துலேர்ந்து ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்துச்சு. ரோபோவை ஓட்டற வேலை. நாலு வருஷமா நான் ஏங்கினது அந்த ஒரு வேலைக்குத்தான். கம்பெனிக்காரர் பொறுமையாத்தான் கேட்டாரு.

"ரோபோவுல உனக்கு என்னம்மா அனுபவம்?"

"நாலு தடவ பொட்டு வெச்சிருக்கேன் சார்."

பக்கத்துல உக்காந்திருந்த எச்ஓடிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. கம்பெனிக்காரர் சிரிக்கல. "வாங்க, அதைப் போய்ப் பாப்போம்"னு எழுந்துட்டாரு.

சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆச்சு. உள்ள போனதும், "ஆன் பண்ணும்மா"ன்னாரு என்னைப் பாத்து. எனக்கு சுவிட்ச் எங்கன்னே தெரியல. கையிலேர்ந்து போற வயரைப் புடிச்சுக்கினே பின்னால போனேன். அது ஒரு இரும்புப் பெட்டியில போய் முடிஞ்சுது. கையை ஆட்டி வைக்கிற மூளை அதுக்குள்ளதான் இருக்கும்னு பாடத்துல படிச்சிருக்கேன். தொறந்தேன். ரெண்டு பாக்கெட் ஊதுபத்தி, மிச்சக் குங்குமம், காஞ்ச மாலை. வேற ஒண்ணுமே இல்ல.

"சர்வீஸுக்குப் போயிருக்கு சார்"னாரு எச்ஓடி.

நாலு வருஷமாவா? அடப்பாவிங்களா! எவனோ கழிச்சுக் கட்டின கைக்குப் பெயின்ட் அடிச்சு நிக்க வெச்சு, எங்கப்பாவை ஏமாத்தியிருக்காங்க.

அந்த வேலை எங்க காலேஜ்ல ஒருத்தருக்கும் கிடைக்கல. லைன்ல நின்னு ஸ்க்ரூ முடுக்க ஆள் வேணும்னு அதே கம்பெனி கேட்டுச்சு. போய்ச் சேர்ந்தேன். காலேஜ் மானத்தை நான் வாங்கிட்டேன்னு எச்ஓடி இன்னமும் சொல்லிக்கினு திரியறாராம். மானமா? அந்தப் பெட்டிக்குள்ள நான் நல்லாத் தேடினேன், அதுவும் இல்ல. எங்கப்பாதான் பாவம். "உள்ள ஒண்ணுமே இல்லியா?"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. இப்பல்லாம் பஸ்ல என்னைப் பத்திப் பேசறதே இல்ல.

எங்க லைன்லயும் ஒரு கை கீது. இது நெஜமாவே ஓடுற கை. எனக்கு நாலடி தள்ளி, கம்பி வேலிக்குள்ள. இந்த வருஷ ஆயுத பூஜைக்கு சூப்பர்வைசர் சந்தனத் தட்டோட நேரா என் கிட்ட வந்தாரு.

"நீ ரோபோ படிச்ச பொண்ணுதானே? போ, நீயே பொட்டு வை."

நான் தட்டை வாங்கல.

"நீங்க வைங்க சார். நான் நாலு வருஷம் வெச்சாச்சு. நாளைக்கு மெஷின் ஓடும்போது, அதை ஓட்டற ரிமோட்டை என் கையில குடுங்க."