கம்பளியின் மறுமுனை

கவினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நசீமா அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாங்க, சுதா. மூச்சு முட்டுதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு மலையிறங்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." "நசீமா அத்தையாம்மா?" என்று மகன் கேட்டான். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையில், எங்கள் தைலக் கடைக்கு அடுத்தது அவருடைய ஸ்வெட்டர் கடை. ஆயக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அவர் முகத்துக்கு முன்பே குரல்தான் அறிமுகமானது. "அந்தக்கா கடையில பேரம் பேசாதீங்க, காது போயிரும்" என்று டாக்ஸிக்காரர்கள் பயணிகளிடம் கேலி பேசுவார்கள். "ஏலே, ஒனக்குப் போறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்று பதில் பறந்து வரும்.

ஒரு சீசனில், குடும்பமாக வந்தவர்கள் அத்தனை கம்பளியையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஊட்டியில இதவிட நல்லா இருக்கும்" என்று இறங்கிப் போனார்கள். அக்காவின் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "சுதா, அந்த முனையப் பிடி" என்றார்.

பெரிய கம்பளியை ஒருவராக மடிக்க முடியாது. ஒவ்வொரு மடிப்புக்கும் மறுமுனையில் இருப்பவர் நடந்து வந்து மூலையைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் கோணிவிடும். கோணினால் மறுபடி பிரிப்பார். எல்லாம் மடித்து முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"கோவம் வரலையாக்கா?"

"வராமயா? வந்து நிக்கிது. சோலி கெடக்கு, செத்த உக்காருன்னு சொல்லியிருக்கேன்."

எல்லா நாளும் அது உட்கார்ந்துவிடவில்லை. கத்தித் தீர்த்துவிட்டு, "இன்னைக்கு அது ஜெயிச்சிருச்சுடி, ஒரு டீ சொல்லு" என்று வந்து நிற்பார்.

கவின் நடக்கத் தொடங்கியதும் மறுமுனை அவன் கைக்குப் போனது. "மெதுவா வாங்க தொரை, ஓடுனா மடிப்பு கோணிரும்" என்பார். அவனும் ஊர்வல மாப்பிள்ளைபோல அடிமேல் அடி வைத்து வருவான். பனி, சரிவு, இருமல் என்று எதற்கெடுத்தாலும் நான் பதறுவேன். "புள்ள விழுகுறதுக்கு முன்னாடியே நீ அழுதுருவ" என்பார் அக்கா.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். நான் தைலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கவின் கேரட்டும் கையுமாகத் தெருவில் இறங்கிவிட்டான். குப்பைத் தொட்டியருகே ஒரு காட்டெருமை. இங்கே அவை கடைவீதிக்கு வருவது புதிதல்ல. தானாகப் போகும்வரை காத்திருப்போம். என் மகனோ அதன் முகத்துக்கு நேரே கேரட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

அலறல் என் தொண்டைவரை வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்தியது. "கத்துனா மாடு மெரளும்டி." நகம் கன்னத்தில் பதிந்தது. மறுகையில் ஒரு கம்பளி, பாதி பிரிந்து தொங்கியது.

"கவினு, கம்பளி மடிக்கணும்ல? கேரட்டக் கீழ போட்டுட்டு வாங்க தொரை. ஓடுனா?"

அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. தாலாட்டைவிட மெதுவாக இருந்தது.

"மடிப்பு கோணிரும்" என்றான் அவன். கேரட்டைப் போட்டான். அதே ஊர்வல நடையில் வந்து முனையைப் பிடித்தான். பின்னால் காட்டெருமை தலையைத் தாழ்த்திக் கேரட்டை எடுத்துக்கொண்டது.

அவனை உள்ளே இழுத்துவிட்டு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் குரல் திரும்பியது. "புள்ளய விட்டுட்டு என்னடி யாவாரம் ஒனக்கு!" பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். அந்தத் திட்டைப்போல் இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

பிறவியிலேயே அமைதியானவர்களுக்குக் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது? தெருவையே அதிரவைக்கும் குரலை வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அதை உட்காரச் சொன்னவர் அவர். என் பிள்ளை உயிரோடு இருப்பது அதனால்தான்.

நேற்று அக்காவின் கடையைத் திறந்தார்கள். யாரோ பிரித்துப் போட்ட கம்பளி ஒன்று கிடந்தது. கவின் போய் இரண்டு மூலைகளையும் எடுத்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் ஆளில்லை.

"அம்மா, நீ அந்த முனையப் பிடி."

அழுகை வந்து நின்றது. செத்த உக்காரு என்று அதனிடம் சொல்லிவிட்டு முனையைப் பிடித்தேன். அவன் மெதுவாக நடந்து வந்தான்.

மடிப்பு கோணவில்லை, அக்கா. போய்வாருங்கள்.