தனலட்சுமி அக்காவுக்கு அது எப்படி வந்தது

போன வாரம் ஒரு காலையில் எங்கள் அச்சகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தனலட்சுமி அக்கா இறந்துவிட்டார். கல்லீரல் புற்று. முதல் பதில் இரங்கல் அல்ல. "அது ஒட்டுற வியாதிதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூப்பிய கைகள் பிறகுதான் வந்தன.

கேட்டவருக்கும், கேட்காமல் நினைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

விஸ்வநத்தம் சாலையில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். அக்காவும் நானும் ஒரே மேசையில் புரூஃப் பார்த்தோம். சீசனில் எல்லோரும் பறப்பார்கள். அவர் மட்டும் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "தப்பே இல்லைன்னா நம்ம கண்ணு சரியில்லைன்னு அர்த்தம்லே" என்பார்.

அவர் கர்ப்பமாக இருந்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று தெரிந்தது. கணவருக்கு இல்லை. அது போதும். "அப்ப எவன்கிட்ட இருந்து வந்துச்சு?" என்றார் மாமியார். அன்று முதல் அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

தட்டிலும் டம்ளரிலும் அது பரவாது. ரத்தத்தால் பரவும், உடலுறவால் பரவும். ஆனால் இந்த நோய் மிகுந்த இடங்களில் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அல்லது சிறு வயதில், காயங்கள் வழியாக, பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு. பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும்; பிறகு சிலருக்குக் கல்லீரலில் புற்றாகும். மருத்துவர் சொன்னார். வீட்டில் யாரும் நம்பவில்லை.

அக்காவும் உடனே நம்பவில்லை. தம்பி முருகனைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தார். அவனுக்கும் இருந்தது. அவர்கள் பள்ளியில் படிக்கும்போதே அம்மா வயிறு வீங்கி இறந்திருந்தார். கல்லீரல் கெட்டாலும் அப்படி வீங்கும்.

"என் சந்தேகம் சுத்திச் சுத்தி எங்கன போய் நிக்குது பாரு" என்றார் என்னிடம். "எங்கம்மா மேல. பாவம், அவுகளுக்கே தெரியாது."

"வீட்ல சொல்லிருங்கக்கா."

"முருகனுக்குப் பொண்ணு பாக்காக. நான் வாயத் தொறந்தா முடிஞ்சுது."

நிச்சயித்த பெண்ணிடம் மட்டும் முருகனைச் சொல்ல வைத்தார். அவளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகே தாலி. தன் பெயரைக் கெட்டது கெட்டபடியே விட்டுவிட்டார்.

மகள் பிறந்த அன்று, குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசிக்காக விழித்தே கிடந்தார். "போடுவோம்மா, எங்க போயிரப் போகுது" என்றார் நர்ஸ்.

"என் கண்ணு முன்னால போடுங்க சிஸ்டர்."

"நம்பிக்கை இல்லையாக்கும்?"

"புரூஃப் பாக்குறவ சிஸ்டர். இல்லதான்."

வெம்பக்கோட்டைப் பக்கம் குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு மொட்டை. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாத் தலைக்கும் ஒரே கத்தி. டம்ளரைப் பிரித்து வைத்த குடும்பம் கத்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா தலைக்கு ஒன்றாகப் புது பிளேடு கொண்டுவந்திருந்தார்.

"சாமி முன்னால என்னடி இம்புட்டுச் சந்தேகம்?" என்றார் மாமியார்.

"சாமி மேல இல்லத்தே. பிளேடு மேல."

மகளுக்கு நோய் இல்லை. பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் தேநீர் ஆறிக் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. மாமியாரின் அழுகை உண்மையானது. ஆனால் நடுவில் சொன்னார்: "நல்லவதான். அது எப்படி வந்துச்சுன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலையே."

முருகன் பந்தல் கம்பைப் பிடித்தபடி நின்றான். அவன் மனைவி அவனையே பார்த்தாள்.

"எனக்கும் இருக்குத்தே" என்றான். "எங்கம்மா எங்களப் பெத்தப்பவே ரெண்டு பேருக்கும் வந்துருச்சு. எனக்காகத்தான் அக்கா சொல்லல."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அவ உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லடா."

இதை எழுதச் சொன்னவன் முருகன்தான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது சந்தேகம். யாரையும் குற்றவாளியாக்காத சந்தேகம். நேற்று என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். "எனக்கு எதுக்குடா? என்னத்த சந்தேகப்படுற?" என்றார் அம்மா, கையை நீட்டிக்கொண்டே.

முடிவு நாளைக்கு வரும்.