விமானம் ஏறாத மெக்கானிக்

கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தபோது வீட்டில் பதினேழு சித்திரக்கதைப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஒரே தொடர். சின்ன விமானத்தில் தீவு தீவாகப் பறந்து ஆபத்தில் சிக்கி மீளும் ஒரு வீரனின் கதை. நான் அவனுக்காகப் படித்தேன். என் தங்கைக்கு அவன்மேல் அக்கறையில்லை. விமானத்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக், துறைமுகத்தில் விடுதி நடத்தும் அம்மாள், இவர்கள்தான் அவளுக்கு வேண்டும்.

"இந்த மெக்கானிக் ஒருதடவகூட ஏரோப்ளேன்ல ஏறல, பாத்தியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் கவனித்திருக்கவில்லை. வீரன் பறந்து போனபிறகு மெக்கானிக் என்ன சமைத்தான், விடுதிக்காரி யாருக்குக் கடிதம் எழுதினாள் என்றெல்லாம் ஒரு பள்ளி நோட்டில் அவளே எழுதி வைத்தாள்.

போன வருடம் சிரம்பானில் ஒரு வாசகர் கூட்டத்தில் அந்தத் தொடரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வீரனைப் பற்றிச் சொல்லப் பத்து நிமிடத்துக்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. அதனால் மெக்கானிக்கைப் பற்றிப் பேசினேன். "சின்ன வயதிலேயே நான் கவனித்த ஒன்று" என்று ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் தங்கையைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அந்த இடத்திலேயே நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்கலாம். விடுதிக்காரியையும் நானே கவனித்ததாகச் சொல்லி முடித்தேன்.

வெளியே மீஹூன் சேமியாத் தட்டோடு நின்றவள், "நல்லா பேசுனீங்கண்ணே" என்றாள். பேசத் தொடங்கியதிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிடுகிறவள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானில் அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் நீ சொன்னது. நான் என்னோடதுன்னு பேசிட்டேன்."

"தெரியும் லா."

"அங்கயே கேட்டிருக்கலாமே."

"அத்தன பேர் முன்னால எப்படி கேக்கறது?" ஒரு கைலியை எடுத்து உதறினாள். பிறகு, "தோட்டத்த விட்டு வந்தப்ப புஸ்தகமெல்லாம் நீங்கதானே எடுத்தீங்க. என் நோட்டு இருக்கா?" என்றாள்.

வீட்டைக் காலி செய்த அன்று, பதினேழு புத்தகங்களையும் பெட்டியில் அடுக்கிவிட்டு, அந்த நோட்டைப் பழைய காகிதங்களோடு சேர்த்துக் கொளுத்தியவன் நான். பொய் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"எரிச்சிட்டேன்மா."

அவள் கையிலிருந்த கைலியை மடித்து முடித்தாள். "தேத்தண்ணி குடிச்சிட்டு போங்க" என்று எழுந்து உள்ளே போனாள்.

அன்றே வாசகர் குழுவின் வாட்சாப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் தங்கையையே பேசச் சொன்னார்கள். நான் போய்க் கேட்டதற்கு, "எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றாள். எந்தத் தேதி என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.