கிணற்றில் மிதந்த எண்ணெய்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, போய்ப் பார் என்று என் முதலாளி சொன்னபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. எங்களுடையது சின்ன நிறுவனம். போர்வெல்லுக்கு இடம் பார்த்துச் சொல்வதுதான் வழக்கமான வேலை. தண்ணீரில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்லி அதுவரை யாரும் எங்களிடம் வந்ததில்லை. எனக்குப் பயமொன்றும் இல்லை. ஜியாலஜி படித்தவள் நான். மண்ணுக்குள் தண்ணீர் போகும் பக்கம்தான் எண்ணெயும் போகும். தண்ணீரின் வழியைக் கண்டுபிடித்தால் போதும் என்று கிளம்பினேன்.

கிணற்றுக்காரம்மா ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில், அந்தக் கிணற்றை நம்பித்தான் சமையல் முதல் துணி துவைப்பது வரை எல்லாம் நடந்திருக்கிறது. மழைக்குப் பிறகு ஒருநாள் காபியில் வாசனை தட்டியது. வாளியில் பார்த்தால் தண்ணீரின் மேல் வானவில் போல ஒரு படலம்.

“கிணத்த மூடிடுங்கோன்னு கார்ப்பரேஷன்காரர் சொல்லிட்டுப் போயிட்டார். மூடிட்டா எண்ணெய் நின்னுடுமா? அது எங்கேர்ந்து வர்றதுன்னு நீங்க கண்டுபிடிங்கோ,” என்றார்.

தெருவில் எல்லோரிடமும் அதற்குப் பதில் தயாராக இருந்தது. முனையில் ஒரு பெட்ரோல் பங்க். தெரு அங்கிருந்து இந்த வீட்டை நோக்கிச் சரிகிறது. வேறென்ன வேண்டும்? பங்க்கை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்நின்றவர் தெருச் சங்கத்தின் தலைவர். கிணற்று வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபம் அவருடையது. எங்களை வேலைக்கு அழைத்ததும் அவர்தான். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். அந்தம்மாவின் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்தவர். பங்க் முதலாளியோ தன் தொட்டிகளைச் சோதித்தாகிவிட்டது, ஒழுகல் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் முதலில் பங்க்கைத்தான் நினைத்தேன்.

அடி திறந்து மூடும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு குழாயைக் கிணற்றில் இறக்கி எடுத்தேன். தண்ணீருக்கு மேலே விரலகலத்துக்கு மஞ்சள் எண்ணெய் நின்றது. முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, அது பெட்ரோல் இல்லை, டீசல். ஆனால் பங்க்கிலும் டீசல் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தத் தெருவில் இன்னும் சில பழைய கிணறுகள் இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பும் என்ன உயரத்தில் இருக்கிறது என்று மட்டம் பார்த்து, அங்கிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று நாடா விட்டு அளந்தேன். பங்க்குக்குப் பக்கத்தில் கிணறு இல்லாததால் அங்கே கைத்துளைப்பானால் ஒரு குழி போட்டோம். ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கில் தவறிவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். தவறில்லை. பங்க்கின் அடியில் தண்ணீர் மட்டம் தாழ்ந்தும், அந்தம்மா வீட்டில் உயர்ந்தும் இருந்தது. தெரு ஒரு பக்கம் சரிய, அடியில் தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

காரணம் துளைப்பானோடு மேலே வந்தது. பங்க் பக்கத்தில் சிவப்பு மண்ணுக்கு அடியில் உடைந்த செங்கல், அதற்கும் கீழே கறுப்பு ஏரிக் களிமண். எப்போதோ ஏரியின் ஓரத்தை மண் கொட்டி மேடாக்கித் தெரு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் அந்தப் பழைய பள்ளத்தைத்தான் தேடிப் போகிறது. பங்க்கில் கொட்டியது எதுவும் அந்தக் கிணற்றுக்கு ஏறி வர முடியாது.

அப்படியானால் எண்ணெய் எதிர்த் திசையிலிருந்துதான் வர வேண்டும். எதிர்த் திசையில் கல்யாண மண்டபம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஜெனரேட்டர் இல்லாமல் யார் மண்டபம் நடத்துவார்கள்? அதற்கு டீசல் தொட்டி ஒன்றும் மண்ணுக்குள் இருந்தது. வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் வரிசையாகக் குழிகள் போட்டேன். மண்டபச் சுவரை நெருங்க நெருங்க மண் சாம்பல் நிறமானது. கடைசிக் குழியில் வந்த மண்ணைப் பிழிந்தால் கையில் பிசுபிசுத்தது.

அறிக்கையைக் கொடுத்துவிடு, மண்டபக்காரரே படித்துக்கொள்ளட்டும் என்றார் என் முதலாளி. எனக்கு அது சரியாகப் படவில்லை. நேரில் போனேன்.

“சார், எண்ணெய் பங்க்லேர்ந்து வரல. உங்க மண்டபத்துலேர்ந்து வருது.”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“தோண்டிப் பார்த்து அங்க ஒண்ணும் இல்லேன்னா?”

“நான் சொன்னது தப்புன்னு தெருவுல எல்லார் முன்னாடியும் சொல்றேன் சார். ஆனா இருக்கும்.”

மறுநாள் காலையிலேயே ஆள் வைத்துத் தோண்டினார். தொட்டி நன்றாகத்தான் இருந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தொட்டியிலிருந்து ஜெனரேட்டருக்குப் போகும் குழாயையும் திறக்கச் சொன்னேன். சமையல்கட்டுப் பின்வாசலில், குழாய் வளையும் இடத்தில் இரும்பு துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. சுற்றிலும் மண் கறுத்திருந்தது. அவரே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

நேராகப் பங்க்குக்குப் போயிருக்கிறார். அங்கே அவர் சொன்னதைப் பங்க் முதலாளி பின்னால் எனக்குச் சொன்னார். டீசல் என்னுடையதுதான், உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன், கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்கிறேன் என்றாராம். போய்ச் சொல்லவும் செய்தார். கிணற்றுக்காரம்மா வீட்டுக்கு மட்டும் கடைசியாகத்தான் போனார். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்திருக்கும். அந்தம்மா அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் சுத்தமாகும்வரை தினமும் தண்ணி லாரி வர வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னாராம். லாரி ஒருநாள்கூடத் தவறவில்லை.

புதிய குழாயை மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடவைத்தேன். கறுத்த மண்ணை அள்ளி அப்புறப்படுத்தினோம். கிணற்றில் மிதந்த எண்ணெயை வழித்தெடுத்தோம். சந்துக் குழிகளில் தேங்கியதையும் விடாமல் இறைத்தோம். சில மாதங்களில் தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்தது, வாசனையும் போனது. அந்தம்மா வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். லேப் ரிசல்ட் வராமல் குடிக்கக் கூடாது என்று தடுத்தேன். என்மேல் அவருக்கு வருத்தம்தான். இன்னொரு மழைக்காலம் முழுதாகப் போன பிறகுதான் ரிசல்ட் சரியாக வந்தது. அன்று அவர் போட்ட காபியை நான்தான் முதலில் குடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் பங்க் முதலாளி ஆபீசுக்கு போன் செய்தார். அவர்மேல் தப்பில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிட்ட பிறகு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“நம்ம தொட்டிப் பக்கத்துலயும் ரெண்டு குழி போட்டு வைங்க மேடம். வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போங்க. அடியில என்ன நடக்குதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா?”

இப்படி, யாரும் புகார் சொல்வதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அந்த வாரமே துளைப்பானோடு போய் நின்றேன்.