நாலு கிலோமீட்டர் ஓடிய வண்டி

மலைமேல் இருக்கும் கவுஞ்சியிலிருந்து எங்கள் தோட்டத்துக் காய்கறியைக் கீழே இறக்கும் பிக்கப் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட மகன் முடிவு செய்திருந்தான். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்ணில் தடுமாற மாட்டேன். அன்று முட்டைக்கோசு மூட்டைகளோடு பழனிக்குப் போகையில், பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் இருந்த ஒன்பதுகள் எல்லாம் புரண்டு வரிசையாகப் பூச்சியமாயின. இது மூன்றாவது தடவை.

“ஏலே, கோயிலுக்கு விடு. வண்டி புதுசாயிருச்சு, பூசை போடணும்” என்றேன், வண்டி ஓட்டிய மகனிடம்.

அடிவாரத்தில் புதுக் கார்களின் வரிசையில் நின்றோம். பூசை போடுகிறவர் கயிற்றால் கட்டிய எங்கள் வண்டிக் கதவைப் பார்த்தார்.

“ஆத்தா, இங்க புது வண்டிக்குத்தான் பூசை.”

“மீட்டரப் பாருங்க சாமி. நாலு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.”

மகன் தலையில் அடித்துக்கொண்டான். “இஞ்சின், டயரு, சீட்டு எல்லாம் மாத்தியாச்சுங்க. ஆரனும் எங்கம்மாவுந்தான் பழசு.”

“அப்பப் புதுசுதானடா?” என்றேன்.

அவர் சிரித்தபடி சந்தனம் பூசி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற புதுக் கார்க்காரர்கள் இறங்கித் தள்ள, நாலு பழமும் நசுங்கின.

திரும்பி மலையேறும்போது மகன் வண்டியை மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

“ஏன்டா, வெரசாப் போயேன்” என்றேன்.

“புது வண்டிம்மா. மொத சர்வீஸ் வரைக்கும் வெரட்டக் கூடாது.”