கிளிக்குக் கட்டிய வில்

எங்கள் வயலில் கிளி விரட்ட ஒரு காவல்காரர் இருந்தார். ஒல்லியானவர், முன்பல் இல்லை. களிமண் உருண்டை அடிக்கும் உண்டிவில்லின் இரண்டு நாணையும் தினமும் காதருகே சுண்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே இறுக்கமாக இருந்தால்தான் குறி தப்பாதாம். ஆனாலும் ஒரு கிளிகூடச் செத்ததில்லை. உருண்டை சொல்லி வைத்தாற்போல் ஒரு சாண் தள்ளித்தான் விழும்.

கூலிப் போராட்டம் நடந்த வருடம், அறுப்பு ஆட்கள் கொடியோடு வரப்பில் வந்து நின்றார்கள்.

"முன்னால நிக்கிறவன் முட்டியில ஒண்ணு போடுய்யா" என்றேன்.

அவர் நாணைக் கழற்றி, வில்லை என் காலடியில் வைத்தார்.

"கிளியவே தள்ளித்தாங்க அடிக்கிறேன். இவங்க இந்த நாத்த நட்டவங்க."

அதோடு வேலைக்கு வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியில்தான் அவர் தெரு பிரிகிறது. பிரதோஷம் தவறாமல் போகிறேன். அந்தத் தெருவில் திரும்புகிற மனத்தைக் கொடு என்று மட்டும் சுவாமியிடம் இன்னும் கேட்கவில்லை.