இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு மகாராணி

நோரீன் டல்லக் டாஸ்மேனியாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். பயந்துபோய் வருகிறவர்களிடம் மெல்லப் பேசிப் பேசி அவள் குரலே பஞ்சாகிவிட்டது. முப்பத்து நான்கு வயதில் வேலையை உதறிவிட்டு லண்டன் நாடகப் பள்ளிக்கு வந்தபோது அந்தக் குரலும் கூடவே வந்தது.

"மேடையில நீ அழுறது எனக்குத் தெரியுது. கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்க வேண்டாமா?" என்று குரல் பயிற்சி ஆசிரியர் பாஸ்கோ அன்று காலை சொல்லிவிட்டார். "சாயங்காலம் ஒத்திகையில நான் அங்கேதான் உட்காருவேன். கேட்கலேன்னா மகாராணி வேஷம் வேற ஆளுக்கு. நீ விசிறி பிடிக்கிற தோழி."

தோழிக்கு ஒரு வார்த்தைகூட வசனம் கிடையாது.

ஆனாலும் சாயங்காலம் மகாராணி உடுப்பில் தன்னைக் கண்ணாடியில் பார்த்ததும் மனசு பொங்கிவிட்டது. தன்னை மறந்து சீட்டியடித்தாள்.

மேடைக்குப் பின்னால் சீட்டியா! மேடை நிர்வாகம் பார்க்கும் சக மாணவி க்ளெனிஸ் பாய்ந்து வந்தாள்.

"அடிப்பாவி! நாடகத்துக்கே ஆகாதுடீ! தோஷம் கழிய வெளியே போய் மூணு சுத்து சுத்து. கதவைத் தட்டி, உள்ளே வரலாமான்னு கேளு. நான் வான்னு சொன்னாத்தான் வரணும்."

"மழை கொட்டுதுடீ..."

"ராணியம்மாவுக்குக் குடை வேற பிடிக்கணுமாக்கும்? போ!"

நோரீன் சிரித்துக்கொண்டே போனாள். கொட்டும் மழையில் மூன்று சுற்று சுற்றிவிட்டு, உள்ளிருந்து மட்டுமே திறக்கிற இரும்புக் கதவைத் தட்டினாள். "உள்ளே வரலாமா?"

பதில் இல்லை. மேடை விளக்கு ஒன்று அணைந்துபோய் க்ளெனிஸ் அங்கே ஓடியிருந்தாள். உள்ளே மகாராணி நுழைவதற்கான முரசு முழங்கத் தொடங்கியது. நோரீன் கை வலிக்கத் தட்டினாள். முரசு அதை விழுங்கியது. இவ்வளவு தூரம் வந்து கதவுக்கு வெளியிலேயே முடிந்துவிடுமா? அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"நான் உள்ளே வரணும்!"

முரசு நின்றது. கடைசி வரிசையில் பாஸ்கோ துள்ளி எழுந்தார். "யாரு அது?"

"ஐயோ, நம்ம நோரீன்தான் சார்!" என்று அலறிக்கொண்டு ஓடி, க்ளெனிஸ் கதவைத் திறந்தாள். "வாடீ, வா!"

சொட்டச் சொட்ட நனைந்த மகாராணி மேடையேறினாள்.

"தலையெல்லாம் அப்புறம் துவட்டிக்கலாம். அதே மூச்சுல வசனத்தைச் சொல்லு, கண்ணு!" என்று பாஸ்கோ கத்தினார்.

மகனைப் பறிகொடுத்த ராணியாக அவள் கதறினாள். முரசுக்காரன் குச்சியை மறந்து நின்றான். க்ளெனிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"கேட்குதா சார்?" நடுவில் நிறுத்தி நோரீன் பயத்தோடு கேட்டாள்.

"தெருவுக்கே கேட்குது. நிறுத்தாதே, மகாராணி!"

கன்னத்தில் மழை எது, கண்ணீர் எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனந்தமாக அழுதுகொண்டே அடுத்த வரியைத் தொடங்கினாள்.